கீமோ ஊசி போட்டவருக்கு காய்ச்சலா? விடியும் வரை காத்திருக்காதீர்கள்: உயிரை காப்பாற்றும் முதல் ஒரு மணி நேரம்

விக்கிரமங்கலம்:-

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் சுற்றுவட்டார கிராமங்களில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால் தஞ்சாவூர், திருச்சி, சென்னை என்று ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்கள். கடனோ உடனோ வாங்கி, கூலி வேலையை விட்டுவிட்டு கூடவே ஒருவர் போய் வருகிறார்.

கீமோ ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஊர் திரும்பியதும் "அப்பாடா, ஒரு ஊசி முடிஞ்சுது" என்று நிம்மதி. ஆனால் உண்மையான ஆபத்து அதன் பிறகுதான் வருகிறது.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து நடுராத்திரியில் உடம்பு கொதிக்கும். "ஒரு காய்ச்சல் மாத்திரைய போட்டு படுங்க, காலையில பாத்துக்கலாம்" என்பார்கள் வீட்டில். நல்ல உடம்புக்காரருக்கு அது சரி. கீமோ ஊசி போட்டவருக்கு அந்த ஒரு ராத்திரியே உயிருக்கு உலை வைத்துவிடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

காவல் இல்லாத வீடு

புற்றுநோய் செல்கள் வேகமாக பெருகக்கூடியவை. கீமோ மருந்துகள் வேகமாக பெருகும் செல்களை தேடிப்பிடித்து அழிக்கின்றன. ஆனால் அந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. முடியின் வேர், வாய், குடல் ஆகியவற்றில் உள்ள செல்களும் வேகமாக பெருகுபவை என்பதால் அவையும் அடிவாங்குகின்றன. முடி கொட்டுவதும், வாய்ப்புண் வருவதும் இதனால்தான்.

ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் தப்புவது இல்லை. கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடுகின்றன. ஒருவர் உடம்பில் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 4 ஆயிரம் முதல் 11 ஆயிரம் வரை வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டும். அதில் நியூட்ரோபில் என்ற அணுக்கள் 500-க்கு கீழே போனால் காவல் இல்லாத வீடு மாதிரிதான். பல கீமோ மருந்துகளில் ஊசி போட்ட 7-வது நாளில் இருந்து 14-வது நாளுக்குள் இந்த அணுக்கள் ரொம்பவும் குறைகின்றன.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புண்ணில் சீழ் பிடிப்பதே வெள்ளை அணுக்கள் அங்கே கூடி சண்டை போடுவதால்தான். அணுக்களே இல்லை என்றால் சீழும் இருக்காது, வீக்கமும் பெரிதாக தெரியாது. கிருமி உள்ளே புகுந்ததற்கு ஒரே அடையாளம் காய்ச்சல் மட்டும்தான். அதையும் மாத்திரை போட்டு அமுக்கிவிட்டால் ஆபத்து வந்ததே தெரியாமல் போய்விடும்.

கடிகாரத்தை பார்க்கும் நர்சுகள்

தெர்மாமீட்டரை வாயில் வைத்து பார்க்கும்போது ஒரு தடவை 101 டிகிரி காட்டினாலும், அல்லது 100.4 டிகிரி காய்ச்சல் ஒரு மணி நேரம் விடாமல் இருந்தாலும் அது அவசர கேஸ். குளிர் நடுக்கம் எடுத்தால் டிகிரி பார்த்துக்கொண்டு இருக்கவே வேண்டாம்.

இப்படிப்பட்ட நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நர்சுகள் முதலில் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். அதன் ரிசல்ட் வர 2, 3 நாட்கள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது. எனவே பலவகை கிருமிகளையும் ஒருசேர தாக்கும் ஆன்டிபயாடிக் மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஏற்றிவிட வேண்டும் என்பது உலகம் முழுவதும் கடைபிடிக்கப்படும் நடைமுறை.

பிப்பராசிலின்-டாசோபேக்டம், செபெபிம், மெரோபெனம் போன்றவை இதற்கு பயன்படும் மருந்துகள். ஊசி போடும் முன்பு, "இதுக்கு முன்னாடி எந்த ஊசிக்காவது உடம்பு தடிச்சுதா, மூச்சு வாங்குச்சா?" என்று நர்சு கேட்பது சும்மா இல்லை. பெனிசிலின் அலர்ஜி இருப்பவருக்கு தெரியாமல் போட்டுவிட்டால் நிலைமை விபரீதம் ஆகிவிடும்.

வான்கோமைசின் மருந்தை அவசர அவசரமாக ஏற்றினால் முகம், கழுத்து சிவந்து ரத்த அழுத்தம் இறங்கும். குறைந்தது ஒரு மணி நேரமாவது மெதுவாக ஏற்ற வேண்டும். அமிகாசின் மருந்து சிறுநீரகத்தையும், காதையும் பாதிக்கும். அதனால் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று நர்சுகள் அளந்து எழுதுகிறார்கள். "டிரிப்பை கொஞ்சம் வேகமா விடுங்க, பஸ்சுக்கு நேரமாச்சு" என்று அவர்களை அவசரப்படுத்தக்கூடாது.

சிவப்பு ஊசியும், நித்தியகல்யாணியும்

கீமோ மருந்துகளிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

நோயாளிகள் 'சிவப்பு ஊசி' என்று சொல்லும் டாக்சோரூபிசின் போட்டால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாக போகும். அது மருந்தின் கலர்தான், பயப்பட வேண்டாம். ஆனால் ஏறும்போது ஊசி போட்ட இடத்தில் எரிந்தாலோ, வீங்கினாலோ உடனே நர்சிடம் சொல்ல வேண்டும். மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையே வெந்து புண்ணாகிவிடும். பல்லை கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை.

சைக்ளோபாஸ்பமைடு மருந்து சிறுநீர்ப்பையை அரிக்கும். நிறைய தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். இந்த மருந்தை மட்டும் போட்டவருக்கு சிறுநீர் சிவந்தால் அது ரத்தமாகவே இருக்கலாம். சிஸ்பிளாட்டின் மருந்து சிறுநீரகத்தை பாதிக்கும் என்பதால் குளுக்கோஸ், சலைன் என்று பாட்டில் பாட்டிலாக ஏற்றுகிறார்கள்.

ஊர்ப்புறத்தில் சுடுகாட்டு ஓரம் தானாக பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணி செடியில் இருந்து எடுப்பதுதான் வின்கிரிஸ்டின் மருந்து. குழந்தைகளின் ரத்தப்புற்றுநோய்க்கு இது முக்கியமான மருந்து. இதை நரம்பில் மட்டுமே போட வேண்டும். தவறி முதுகுத்தண்டில் போட்டுவிட்டால் உயிர் பிழைப்பது அரிது. பல நாடுகளில் அப்படி உயிர்கள் போனதால், இதை சிரிஞ்சில் எடுக்காமல் சிறிய டிரிப் பையில் கலந்து கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2007-ம் ஆண்டு எச்சரித்தது.

செடியில் இருந்து வந்ததுதானே என்று நித்தியகல்யாணி இலையை வீட்டில் கொதிக்கவைத்து குடிப்பது விஷத்தை குடிப்பதற்கு சமம்.

சென்னையில் படித்த மேதை

புற்றுநோய் மருந்து, கிருமி மருந்து இரண்டிலும் முத்திரை பதித்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-ம் ஆண்டு பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக்கல்லூரியில் படித்தவர். அமெரிக்கா சென்று மருந்து ஆராய்ச்சியில் இறங்கினார்.

யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரை அவரது தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் உருவானது. டெட்ராசைக்ளின் வகையில் முதல் ஆன்டிபயாடிக்கான ஆரியோமைசினும், புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட்டும் அங்கிருந்து வந்தவைதான். 1948-ம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் பெயர் நம் ஊரில் பலருக்கும் தெரியாது என்பதுதான் வேதனை.

அந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இன்று மூட்டுவாதத்துக்கும் தரப்படுகிறது. மூட்டுவாதத்துக்கு இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் என்று தவறாக நினைத்து விழுங்கி வெள்ளை அணுக்கள் சரிந்து உயிரிழந்தவர்கள் உண்டு. எழுத படிக்க தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால், எந்த கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது

கீமோ எடுப்பவர் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ, மருந்தோ வைக்கக்கூடாது. அதில் ஏற்படும் சிறு கீறல் வழியாகவும் கிருமி உள்ளே போய்விடும். கையை சோப்பு போட்டு கழுவுவதும், சுடச்சுட சமைத்ததை சாப்பிடுவதும், காய்ச்சி ஆறிய நீரை குடிப்பதும் செலவில்லாத மருந்து.

ஊசி போட்ட 2 நாட்கள் வரை நோயாளியின் சிறுநீர், வாந்தியில் மருந்து கலந்திருக்கும். அதை சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையை செய்யவே கூடாது.

மெடிக்கல் கடையில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கி போடுவதும் ஆபத்து. பாதி கிருமி செத்து மீதி கிருமி பழகிக்கொள்ளும். அப்புறம் பெரிய ஊசிக்கும் அது கட்டுப்படாது. இதனால்தான் 2014-ம் ஆண்டு முதல் முக்கியமான பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதை பதிவேட்டில் எழுத வேண்டும் என்று மத்திய அரசு விதியை கடுமையாக்கியது.

அரியலூரில் 2022-ம் ஆண்டு ஜனவரி மாதம் அரசு மருத்துவக்கல்லூரி திறக்கப்பட்டது. ராத்திரியில் காய்ச்சல் வந்தால் சிகிச்சை எடுக்கும் ஊருக்கு விடிந்து பஸ் ஏறலாம் என்று காத்திருக்க தேவையில்லை. 108-க்கு போன் செய்து பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சை பிரிவுக்கு போய்விட வேண்டும். கீமோ சீட்டையும், கடைசி ரத்த பரிசோதனை ரிசல்ட்டையும் ஒரே பையில் போட்டு கதவு ஓரம் மாட்டி வைத்திருந்தால் தேடி அலைய வேண்டியது இல்லை.

அங்கே போனதும் "காய்ச்சலுங்க" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "கீமோ ஊசி போட்டு இத்தனை நாள் ஆவுது, இப்ப காய்ச்சல் அடிக்குது" என்று முதல் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். அதை கேட்டால்தான் டூட்டி நர்சு கடிகாரத்தை பார்த்து ஓடத்தொடங்குவார்.