குணத்தால் நோய் வருமா?

தேர்வு நெருங்குகிறது. வகுப்பில் ஒருவனுக்குத் தலைவலி, இன்னொருத்திக்கு வயிற்றுவலி. மூன்றாமவனோ கவலையின்றிப் பந்து விளையாடுகிறான். "பயந்த சுபாவம், அதனால்தான் நோய்" என்கிறார்கள் வீட்டில். "பாசாங்கு" என்றும் சிலர் சொல்வதுண்டு. இதில் உண்மை எவ்வளவு?

அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. பல் மருத்துவம் பயின்ற 11 மாணவர்கள் அதற்கு முன்வந்தார்கள். கோடை விடுமுறையில் ஒவ்வொருவரின் மேலண்ணத்திலும் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் சிறு காயம் செய்தார்கள். பின்னர், தேர்வுக்கு 3 நாட்கள் முன்பு, மறுபக்கத்தில் அதே அளவில் இன்னொரு காயம். 1998இல் முடிவு வெளியாயிற்று. தேர்வுக் காலத்துக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக 3 நாட்கள் கூடுதலாயின! விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஒருவருக்குக்கூட ஆறவில்லை.

காரணம் என்ன? கவலை மிகும்போது அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கின்றன. காயத்தை ஆற்றும் வெள்ளணுக்களின் வேலையை அது மந்தப்படுத்தக்கூடியது. மனக்கவலை உடலைத் தொடுகிறது; அது பாசாங்கு அன்று.

அப்படியானால் சிரித்த முகத்தினருக்கு நீண்ட ஆயுளா? அவசரப்படாதீர்கள்! கலிபோர்னியாவில் 1500க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைப் பற்றி டெர்மன் என்ற உளநூல் அறிஞர் 1921இல் ஆராயத் தொடங்கினார். அவர்களுடைய வாழ்நாள் பற்றிய கணக்கு 1993இல் வெளியானது. சிறுவயதில் பொறுப்பானவர்கள் எனப் பெயர் வாங்கியவர்களே சராசரியாக அதிக நாள் வாழ்ந்திருந்தார்கள். கலகலப்பான சிறுவர்களின் ஆயுள் சற்றுக் குறைவு! பெரியவர்களானதும் புகைப்பதிலும் குடிப்பதிலும் அவர்கள் சற்று மிஞ்சியிருந்தது ஓரளவு காரணம். குணம் பழக்கத்தின் வழியாகவும் உடலை எட்டுகிறது.

குணத்தின்மேல் பழி போடுவதிலும் ஆபத்து உண்டு. குடற்புண் கவலைப்படுகிறவர்களின் நோய் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் ஒரு பாக்டீரியாவைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். குடற்புண்ணுக்கும் அந்தக் கிருமி முக்கியக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே, தேர்வு நாட்களில் தூக்கத்தைக் குறைக்காதீர்கள். அன்றன்றைய பாடத்தை அன்றன்றே படியுங்கள். வலி நீடித்தால் வீட்டில் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்து இருக்கை நண்பன் "வயிறு வலிக்கிறது" என்றால், சிரிக்காமல் நம்புங்கள்.