தொங்கும் தோலும் கத்தியின் திசையும்

போர்டிக்சனுக்கு அருகே லுக்குட் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரைப்பைச் சுருக்க அறுவை செய்துகொண்டு, நாற்பது கிலோவுக்கு மேல் இறங்கிவிட்டாராம். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, மூட்டு வலி விட்டது. ஆனால் வயிற்றுத் தோல் மடிந்து தொடைமேல் தொங்குகிறது. கையைத் தூக்கினால் மேல்கைத் தோல் ஊஞ்சலாடுகிறது. எந்த எண்ணெய் தடவினால் இது சுருங்கும் என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், மடிப்புக்கு அடியில் எந்நேரமும் ஈரமாக இருப்பதாகவும் அடிக்கடி புண்ணாவதாகவும் ஒரு வரி. கேள்வி எண்ணெயைப் பற்றி என்றாலும், பதில் சொல்லவேண்டியது இந்தக் கடைசி வரிக்குத்தான்.

எடை ஏன் கூடுகிறது, எப்படிக் குறைப்பது என்பதற்குள் நான் போகவில்லை. நம் மலேசியாவில் அதைப் பேசாத வீடில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், வளர்ந்தவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள் என்று தெரியவந்தது. பொழுது விடியுமுன் தோட்டத்துப் பிரட்டுக்குப் போய் நிரை நிரையாக நடந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். நடை நின்றுவிட்டது, சோற்றின் அளவு நிற்கவில்லை. அந்த எடையை இறக்கியவர்கள் பெரிய காரியம் செய்தவர்கள். அதன் பிறகு மிஞ்சும் தோலைப் பற்றி யாரும் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மிஞ்சுவது ஏன்? தோலின் நடு அடுக்கில் இரண்டு வகை இழைகள் பின்னிக் கிடக்கின்றன. கொலாஜன் உறுதி தருவது. எலாஸ்டின், இழுத்த தோலைப் பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது. எலாஸ்டினில் பெரும்பகுதியை நம் உடல் சிறு வயதிலேயே நெய்து முடித்துவிடுகிறது. பிற்பாடு அறுந்துபோனால் அதற்கு ஈடான இழை உருவாவதில்லை. வயிற்றிலும் தொடையிலும் வெள்ளி வரிகளாகத் தெரிபவை அப்படி அறுந்த இடங்கள்தாம்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. தோலை மெல்ல மெல்ல, விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அது புதிதாக வளரத் தொடங்கும். 1957இல் சார்ல்ஸ் நியூமன் என்ற அமெரிக்க மருத்துவர், காதை மறுபடி அமைக்க வேண்டிய ஒருவருக்குத் தோலின் அடியில் ஒரு ரப்பர் பலூனை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக ஊதினார். காதை மூடுவதற்குத் தேவையான தோல் மேலே வளர்ந்து கிடைத்தது. தீக்காய வடுக்களை மாற்றவும் இன்று இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். பருத்த உடலில் கொழுப்பு அந்தப் பலூனின் வேலையை ஆண்டுக்கணக்கில் செய்கிறது. ஆகவே தொங்குவது, காற்றுப்போன பையைப் போல வெறுமனே நீண்டுபோன தோலன்று. இரத்தக் குழாயும் நரம்பும் ஓடும், வளர்ந்த தோல் அது. இளம் வயதில், இறங்கிய எடையும் குறைவாக இருந்தால், ஓரளவு சுருங்கும். நாற்பது, ஐம்பது கிலோ இறங்கியவருக்கு அந்த நம்பிக்கையைக் கொடுப்பது நியாயமில்லை.

எண்ணெயும் கிரீமும் மேல்தோலை மென்மையாக்கும், அவ்வளவுதான். கிரீமில் கலந்திருப்பதாகச் சொல்லப்படும் கொலாஜன், மேல்தோலின் தடுப்பைத் தாண்ட முடியாத அளவுக்குப் பெரிய மூலக்கூறு. உடற்பயிற்சி தசையை வளர்க்கும், தோலைக் குறைக்காது. சூடேற்றி இறுக்கும் கருவிகள் லேசான தளர்வுக்கு மட்டுமே கொஞ்சம் உதவும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையை மட்டும் செய்தால் உள்ளிருக்கும் கொழுப்பு போய், தோல் முன்னைவிடத் தொய்ந்துவிடும். மிச்சத் தோலை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

எப்படி வெட்டுவது என்பதில்தான் என்னை நெடுநாளாகப் பிடித்து வைத்திருக்கும் ஒரு விநோதம் இருக்கிறது. 1834இல் பாரிஸில் கியோம் தூபியித்ரான் என்ற அறுவை மருத்துவர், குத்தூசியால் தன்னைத்தானே குத்திக்கொண்டு இறந்த ஒருவரின் உடலைப் பார்வையிட்டார். ஊசியின் முனை உருண்டையானது. துளைகளும் வட்டமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் காயங்கள் கத்தியால் கீறியதைப்போலக் கோடுகளாக இருந்தன. உருண்டையான ஆயுதம் நீளமான காயத்தை உண்டாக்குவது எப்படி?

இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1861இல், வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூற்றியலாளர் இதைக் கையிலெடுத்தார். இறந்த உடல்களில் உருண்டை முனைக் கருவியால் நெருக்கமாகத் துளைகள் இட்டார். ஒவ்வொரு துளையும் ஒரு பக்கமாக இழுபட்டுச் சிறு பிளவாக மாறியது. பக்கத்துப் பக்கத்துப் பிளவுகளைச் சேர்த்து வரைந்தபோது உடல் முழுவதும் கோடுகள் ஓடின. வயிற்றில் ஏறக்குறைய குறுக்காக, நெஞ்சில் வளைந்து, முகத்தில் சுழன்று. உள்ளிருக்கும் கொலாஜன் கற்றைகள் ஒரு திசையில் அடுக்கப்பட்டு, தோலை எந்நேரமும் அந்தப் பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்தத் திசையோடு சேர்த்துக் கீறினால் காயத்தின் விளிம்புகள் தாமே நெருங்கி நிற்கும். குறுக்கே கீறினால் வாய் பிளந்துகொள்ளும், வடு அகலும்.

என் அம்மா சுவா பெத்தோங் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். லாங்கரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அம்மாவின் உளிதான் நினைவுக்கு வந்தது. ரப்பர் மரப்பட்டைக்குள் பால் குழாய்கள் செங்குத்தாக ஓடுவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. அதனால்தான் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். மாற்றி வெட்டினால் அறுபடும் குழாய்கள் குறையும், மங்கில் பாலும் குறையும். ஆழமும் அப்படித்தான். உளி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறு சுற்றில் அங்கே வெட்ட முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டத்தை அம்மாவின் கை அறிந்திருந்தது. அறுவை மருத்துவரின் கைக்கும் அந்த அறிவு வேண்டும், நோக்கம்தான் நேர் எதிர். மரத்தில் குழாய்கள் அறுபட வேண்டும், காயம் ஒழுக வேண்டும். தோலில் இழைகள் கூடியவரை அறுபடாமல் விலக வேண்டும், காயம் மூடிக்கொள்ள வேண்டும்.

லாங்கர் பார்த்தது அசையாத உடல்கள். உயிருள்ள உடலில் தசைகள் இழுக்கின்றன, ஆதலால் பல இடங்களில் கோடுகள் மாறுகின்றன. இன்றைய மருத்துவர்கள், தளர்வாக இருக்கும்போது தோலில் விழும் இயல்பான சுருக்கங்களையே பெரிதும் பின்பற்றுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டால் எந்த அறுவை எப்படிப்பட்ட வடுவைத் தரும் என்பது பாதி புரிந்துவிடும்.

வயிற்றை எடுத்துக்கொள்வோம். இங்கே இரண்டு அறுவைகளைப் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்று, தொங்கும் மடிப்பை மட்டும் நீக்குவது. புண்ணும் நாற்றமும் நடைத் தடையும் நீங்குவதற்காகச் செய்வது. மற்றது, மேல்வயிறுவரை தோலைப் பிரித்தெடுத்து, நடுவில் விலகிப்போன வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைத்து, தோலைக் கீழே இறக்கி மூடுவது. இதில் தொப்புள் தன் இடத்திலேயே தண்டோடு நிற்கும். மேலே இருந்த தோல் அதன்மேல் இறங்கி மூடும். பிறகு சரியான இடத்தில் புதிய துளையிட்டுத் தொப்புளை வெளியே எடுத்துத் தைப்பார்கள். இரண்டிலும் வடு அடிவயிற்றில், இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை குறுக்காக ஓடும். தோலின் போக்கோடு போவதால் பெரும்பாலும் மெல்லிய கோடாகத் தேறிவிடும், உள்ளாடைக்குள் மறைந்தும் விடும். பக்கவாட்டிலும் தோல் மிகுந்திருந்தால் மார்புக்குக் கீழிருந்து நெடுக்காக இன்னொரு வெட்டு தேவைப்படும். அது தோலின் போக்குக்குக் குறுக்கே போவது. இரண்டு கோடுகளும் சந்திக்கும் முனையில்தான் காயம் பிரியும் ஆபத்து அதிகம்.

இடுப்பைச் சுற்றி முழு வளையமாகத் தோலை எடுத்து, பின்புறத்தையும் தொடையின் வெளிப்புறத்தையும் சேர்த்துத் தூக்கும் பெரிய அறுவையும் உண்டு. பல மணி நேரம் பிடிக்கும், நோயாளியை நடுவில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இதை உருப்படியாக்கியவர்களில் ஒருவர் டெட் லாக்வுட் என்ற அமெரிக்கர். தோலுக்குக் கீழே, கொழுப்புக்குள் ஒரு மெல்லிய உறுதியான படலம் ஓடுகிறது. எடையை அந்தப் படலத்தின்மேல் தொங்கவிட்டால் தோலின் தையல் இழுபடாது என்று 1991இல் அவர் விளக்கினார். பெரிய எடை இறங்கியவரின் தோலில் இழைகள் நைந்திருக்கும். அதை எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் சில மாதங்களில் கொஞ்சம் தளரும். ஆகவே, தோலை இழுத்துத் தைத்தாலே போதும் என்று பேசுகிறவரைவிட, உள்ளே எதில் கட்டப் போகிறேன் என்று விளக்குகிறவரிடம் போங்கள்.

மேல்கைதான் கடினமான இடம். அங்கே தோலின் இழுப்பு கையைச் சுற்றிக் குறுக்காக ஓடுகிறது. ஆனால் மிச்சத் தோலை எடுக்க, அக்குளிலிருந்து முழங்கைவரை நெடுக்காக வெட்டினால்தான் முடியும். போக்குக்கு எதிரான வெட்டு என்பதால் வடு அகலமாக, பல மாதம் கருஞ்சிவப்பாகத் தடித்து நிற்கும். கருத்த தோலில் வடு தடித்து வளரும் இயல்பும் கூடுதல். குட்டைக் கை ரவிக்கை போடுகிற பெண்கள் இதை முன்பே தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். தொடையின் உட்புறத்திலும் முழங்கால்வரை நெடுக்காக வடு வரலாம். ஆண்களுக்கு மார்பில் தொங்கும் தோலை எடுக்கும்போது முலைக்காம்பை இடம் மாற்றி வைக்க நேரிடும். இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வதில்லை. சில மாத இடைவெளியில் கட்டம் கட்டமாகச் செய்வதே பாதுகாப்பு.

எப்போது செய்வது? இரைப்பை அறுவைக்குப் பின் ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு கழித்து, எடை மூன்று முதல் ஆறு மாதம் ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகு. ஊசிமருந்தால் எடை குறைத்தவர்களுக்கும் இந்தப் பொறுமை வேண்டும். இரைப்பை சுருங்கியவர்கள் பலர் புரதம் போதாமலும் இரும்புச்சத்தும் பி12உம் குறைந்தும் இருப்பார்கள். அந்த உடம்பில் அவ்வளவு நீளமான காயம் ஆறாது. புகை பிடிப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் நுண்குழாய்களை இறுக்கி, வெட்டிய தோலின் ஓரத்தையே கருகச் செய்துவிடும். சர்க்கரையைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், வளர்ந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கட்டுப்படாத சர்க்கரையோடு அறுவை மேசையில் ஏறக்கூடாது.

அறுவைக்குப் பிறகு தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளலாம், அதற்காகச் சில நாள் குழாய் வைத்திருப்பார்கள். காயம் ஓரிடத்தில் பிரியலாம். தொட்டால் உணர்வில்லாத இடங்கள் மாதக்கணக்கில் இருக்கலாம். எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்கு ஏறுவது. அறுவை முடிந்த அன்றே எழுப்பி நடக்கவிடுவது அதைத் தடுக்கத்தான். வலிக்கிறதென்று படுத்தே கிடக்க வேண்டாம்.

ஆபத்துகளைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. மலிவு விலைப் பலகைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2020 அக்டோபரில், கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் போன இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அதற்குப் பிறகும் கடைவீதி மாடிகளில் வயிற்றைக் குறைப்பதாகப் பலகைகள் தொங்குகின்றன. மயக்க மருந்து நிபுணரும் அவசர வசதியும் இல்லாத அறையில் உடம்பைக் கொடுப்பவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். தங்கள் உடம்பைப் பற்றி வெளியே பேச வெட்கப்பட்டு, கேள்வி கேட்காத இடத்தைத் தேடிப் போனவர்கள்.

இந்த வெட்கத்தைத்தான் நாம் கலைக்க வேண்டும். மடிப்புக்கு அடியில் வேர்வை தேங்கி, தோல் உரசி, பூஞ்சை பிடித்துப் புண்ணாவது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். போர்டிக்சன் புழுக்கத்தில் அது இன்னும் வேகமாக வளரும். நம் அக்காமார்களும் அத்தைமார்களும் பவுடரைத் தூவி, பழந்துணியைச் செருகிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள். "இந்த வயசுல அழகு கேக்குதா?" என்ற ஒரு பேச்சுக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. தோட்டத்தில் முதுகொடிய உழைத்த உடம்பு புண்ணில்லாமல் இருக்க ஆசைப்படுவதை அழகு ஆசை என்று வீட்டிலிருப்பவர்களே கேலி செய்வதை நான் ஏற்கமாட்டேன். காப்புறுதி நிறுவனங்களும் பெரும்பாலும் இதை அலங்காரச் செலவென்று ஒதுக்கிவிடுகின்றன. இது நோய்தான் என்று காட்டும் ஆதாரம் அங்கேதான் கைகொடுக்கும்.

லுக்குட் சகோதரி முதலில் அரசாங்க கிளினிக்கில் அந்தப் புண்ணைக் காட்ட வேண்டும். மடிப்பைத் தினமும் கழுவி, ஒற்றித் துடைத்து, உலரவிட வேண்டும். பூஞ்சைக்கு மருந்து வாங்க வேண்டும். ஒவ்வொரு முறை புண் வரும்போதும் கிளினிக்கில் பதியச் சொல்லுங்கள், தேதியோடு படமும் எடுத்து வையுங்கள். மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வருகிறதென்ற பதிவு இருந்தால், சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். கோலாலம்பூர் மருத்துவமனையில் பிளாஸ்டிக் அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. காத்திருப்பு நீளும், அந்த மாதங்களில் புரதத்தையும் சர்க்கரையையும் சரிசெய்துகொள்ளலாம். தனியார் மருத்துவரிடம் போவதானால், தேசிய நிபுணர் பதிவேட்டில் அவர் பெயர் பிளாஸ்டிக் அறுவை என்ற பிரிவில் இருக்கிறதா என்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பிறகு அவரிடம் ஒரு பேனாவைக் கொடுத்து, வெட்டு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று உங்கள் உடம்பிலேயே கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தையல் பிரிந்தால் எந்த மருத்துவமனையில் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள்.