அப்புச்சி போன பிறகும் வந்த தபால்: ஸ்டாம்ப் கிளப்பில் ஒருவர் இறந்தால் எது தொலைகிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த எபிசோடுல டெக் கொஞ்சம்தான். ஒரு சாவு, ஒரு ஷூ பெட்டி, நான் பண்ண ஒரு தப்பு, இது மூணும்தான் கதை.

என் அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, இறந்து கருமாதி எல்லாம் முடிந்த மூன்றாவது வாரம். அவர் பெயருக்கு ஒரு தபால் வந்தது. பிரித்தால் உள்ளே புதுசாக வெளியான தபால் தலைகள். அடுத்த மாதம் இன்னொன்று. அம்முச்சி ஒவ்வொரு தடவையும் கவரை வாங்கி, பிரிக்காமல் சாமி ரூம்ல வைத்துவிடுவார்.

இது அமானுஷ்யம் எல்லாம் இல்லை. தபால் துறையில் 'பிலாடலி டெபாசிட் அக்கவுண்ட்' என்று ஒன்று இருக்கிறது. குறைந்தது 200 ரூபாய் கட்டி ஆரம்பிக்கலாம். புதிய தபால் தலை வெளியாகும்போதெல்லாம் நீங்கள் கேட்ட எண்ணிக்கையில் வீட்டுக்கே அனுப்பிவிட்டு, கணக்கிலிருந்து காசைக் கழித்துக்கொள்வார்கள். நம்ம பாஷையில் சொன்னால் ஆட்டோ ரினியூ சப்ஸ்கிரிப்ஷன். கணக்கு வைத்திருந்தவர் போய்விட்டார் என்று யாராவது சொன்னால்தானே அந்த சிஸ்டத்துக்குத் தெரியும்? நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

நான் பண்ண தப்பு

அப்போது எனக்கு இருபத்து ரெண்டு வயசு, வேலைக்குச் சேர்ந்த புதுசு. அப்புச்சியின் பீரோவில் ஆறு ஆல்பமும் இரண்டு ஷூ பெட்டியும் இருந்தன. ஷூ பெட்டி நிறைய பழைய கடித உறைகள். ஓரம் கிழிந்தது, மஞ்சள் அடித்தது, மேலே யாரோ கிறுக்கின முகவரி. 'குப்பையைக் கழிச்சிட்டு, ஸ்டாம்பை மட்டும் எடுத்து நீட்டா ஆல்பம் போட்டு அம்முச்சிக்குக் குடுக்கலாம்'னு நினைத்தேன். நல்ல எண்ணம்தான். கத்திரி எடுத்து உறைகளின் மூலையை வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, தபால் தலையைப் பிரித்து, பேப்பர் மேல் காயவைத்தேன். ஒரு பெட்டி முழுக்க முடித்தேன். வெட்டிய உறைகள் பழைய பேப்பர்காரரிடம் போயின.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் போய்க்கொண்டிருந்த ஸ்டாம்ப் கிளப் கூட்டத்துக்குப் போனேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, பெஞ்ச், இருபது பேருக்குள். பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். கூட்டம் ஆரம்பிக்கும் முன் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்புச்சி பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் மௌன அஞ்சலி. அந்த வருடம் அவர் மூன்றாவது ஆள். பிறகு ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங் தம்பி, அப்புச்சியோட தாராபுரம் கவருங்கெல்லாம் பத்திரமா இருக்குதுங்ளா?"

எனக்குப் புரியவில்லை. "ஸ்டாம்பை எல்லாம் எடுத்து வச்சிட்டனுங்க. கவரைத்தான் வெட்டிப்போட்டேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "செரி, உடுங்க. மிச்சம் இருக்கறதைக் கொண்டாங்க, பாப்போம்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தாராபுரம் கவர்களில் என்ன இருந்தது?

தபால் தலை சேகரிப்பு என்றால் அழகான ஸ்டாம்பை ஆல்பத்தில் ஒட்டுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஆழமாகப் போகிறவர்களுக்கு முழு உறைதான் முக்கியம். எந்த ஊர் முத்திரை, எந்தத் தேதி, எவ்வளவு கட்டணம், முகவரி எப்படி எழுதப்பட்டது, எல்லாம் சேர்ந்துதான் ஒரு கவர் பேசும். ஸ்டாம்ப் என்பது டேட்டா என்றால், உறை அதோட மெட்டாடேட்டா. நான் மெட்டாடேட்டாவை டெலிட் பண்ணிட்டு டேட்டாவைக் கழுவி வைத்திருந்தேன்.

அப்புச்சி சேர்த்தது தாராபுரத்துக்கு வந்த சாதாரணக் கடிதங்களை. ஏன்? அந்த ஊர் நகரவே இல்லை. ஆனால் அதன் முகவரி மாறிக்கொண்டே இருந்தது. 1979 வரை தாராபுரம் கோயமுத்தூர் மாவட்டம். அந்த வருடம் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அதில் போனது. 1990-களின் பிற்பாதியில் அந்த மாவட்டத்தின் பெயர் ஈரோடு என்று ஆனது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தாராபுரம் அங்கே சேர்ந்தது. நடுவில், 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. அதற்கு முந்தைய உறைகளில் அந்த ஆறு எண் இருக்காது.

ஆக, ஒரே ஊருக்கு வந்த கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கினால், கொங்கு நாட்டு நிர்வாக வரலாறு முகவரி வரிகளிலேயே ஓடும். மாவட்டம் மாறிய பிறகும் பழைய பெயரையே எழுதிக்கொண்டிருந்த ஆட்களும் அதில் தெரிவார்கள். மார்க்கெட்டில் இந்த உறைகளுக்குப் பெரிய விலை கிடையாது. அடுக்கிய வரிசைக்குத்தான் மதிப்பு. அந்த வரிசை அப்புச்சி தலைக்குள் இருந்தது.

நான் வெட்டிய பெட்டி எது தெரியுமா? 1979-க்கு முந்தையது. பழைய ஸ்டாம்ப்தானே விலை போகும் என்று அதை முதலில் எடுத்தேன்.

பஸ் ஃபேக்டர்

சாஃப்ட்வேரில் 'பஸ் ஃபேக்டர்' என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு டீமில் எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் புராஜெக்ட் நின்றுபோகும்? பதில் 'ஒருத்தர்' என்றால் அந்த புராஜெக்ட் ஆபத்தில் இருக்கிறது. ஸ்டாம்ப் கிளப்பில் ஒவ்வொரு கலெக்‌ஷனுக்கும் பஸ் ஃபேக்டர் ஒன்றுதான்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. சர்வதேசத் தபால் தலைக் கண்காட்சிகளில் பாரம்பரியப் பிரிவுக்கு 100 மதிப்பெண். அதில் பொருளின் நிலைக்கும் அரிய தன்மைக்கும் 30. அறிவுக்கும் ஆராய்ச்சிக்கும் 35. காசு கொடுத்து வாங்க முடிகிற பகுதியைவிட, தெரிந்துவைத்திருக்கும் பகுதிக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆள் போனால் முதலில் போவது அந்த 35. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேப்பர் அப்படியே வீட்டில் இருப்பதால், ஏதோ தொலைந்துபோனது என்பதே குடும்பத்துக்குத் தெரியாது.

இரண்டு சாவு, இரண்டு முடிவு

இந்தப் பிரச்சினை பெரிய பணக்காரர்களுக்கும் வந்திருக்கிறது. தாமஸ் டாப்ளிங் என்று ஒரு ஆங்கிலேயர். 1891-ல் 35 வயதில் இறந்தார். தன் சேகரிப்பை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு என்று எழுதிவைத்திருந்தார். இன்று அது பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பெரிய சேகரிப்புகளில் கலையாமல் அப்படியே நிற்பது அதுதான்.

இன்னொருவர் பிலிப் ஃபெராரி. பாரிஸில் வாழ்ந்தவர், உலகிலேயே பெரிய சேகரிப்பு அவருடையது என்பார்கள். அவரும் உயில் எழுதினார், பெர்லின் தபால் அருங்காட்சியகத்துக்கு என்று. 1917-ல் இறந்தார். அது முதல் உலகப் போர் நடந்த நேரம். பிரெஞ்சு அரசு அதை ஜெர்மன் சொத்தாகக் கருதிக் கைப்பற்றி, 1921 முதல் சில வருடங்கள் தவணை தவணையாக ஏலம் விட்டது. 2014-ல் ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்கு விலைபோனதே, பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜந்தா ஸ்டாம்ப், அதுவும் அந்த ஏலத்தில் கைமாறியதுதான்.

ஏலம் விடுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஃபெராரியே பிறருடைய சேகரிப்புகளை மொத்தமாக வாங்கித்தான் வளர்ந்தார். ஒருவர் ஆல்பம் கலைந்தால்தான் இன்னொருவர் ஆல்பம் நிரம்பும். கிளப்பில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் ஸ்டாம்புகளில் பாதி இறந்துபோன யாரோ ஒருவருடையதாகத்தான் இருக்கும். கலைவதில் தப்பில்லை. கலைவதற்கு முன் யாரும் எழுதிவைக்காததுதான் பிரச்சினை.

பெயரை மட்டும் எழுதினால் போதுமா?

இறந்தவர்களை நினைவில் வைக்க இந்தத் துறையிலேயே வழிகள் உண்டு. பிரிட்டனில் 1921-ல் 'ரோல் ஆஃப் டிஸ்டிங்விஷ்ட் பிலாடலிஸ்ட்ஸ்' ஆரம்பித்தபோது, அதற்கு முன்பே இறந்துபோன முன்னோடிகளின் பெயர்களையும் சேர்த்தே எழுதினார்கள். அமெரிக்க பிலாடலிக் சொசைட்டியின் 'ஹால் ஆஃப் ஃபேம்' இறந்தவர்களுக்கு மட்டுமே. தபால் தலையே அப்படித்தானே? வாழும் மனிதர்களுக்கு இந்தியா சாதாரணமாக ஸ்டாம்ப் வெளியிடுவதில்லை; 1958-ல் டி.கே. கார்வே, 1960-ல் விஸ்வேஸ்வரய்யா மாதிரி விதிவிலக்குகள் உண்டு. நம்ம கொங்குப் பக்கத்திலிருந்து பெரியாருக்கு 1978-ல், திருப்பூர் குமரனுக்கு 2004-ல், தீரன் சின்னமலைக்கு அவர் தூக்கிலிடப்பட்ட 200-வது ஆண்டான 2005-ல் ஸ்டாம்ப் வந்தது. அந்தத் துண்டுக் காகிதங்களை வரிசையாக வைத்துக் காப்பாற்றினவர்கள் போகும்போது மட்டும் நம்மிடம் ஒரு நிமிட மௌனம்தான் இருக்கிறது.

நம் நாட்டில் பிலாடலிக் சொசைட்டி ஆஃப் இந்தியா 1897-ல் தொடங்கியது. அந்தக் காலத்து ஆட்களில் லாகூரில் இருந்த டேவிட் மாசன் பெயர் இன்றும் பேசப்படுகிறது. காரணம் அவர் எவ்வளவு சேர்த்தார் என்பது இல்லை. ஜம்மு காஷ்மீர் தபால் தலைகளைப் பற்றி உட்கார்ந்து எழுதினார் என்பதுதான். சென்னையில் 1956-ல் தொடங்கிய சவுத் இந்தியா பிலாடலிஸ்ட்ஸ் அசோசியேஷன் மாதிரி அமைப்புகள் இதழ் நடத்தியதற்கும் இதே காரணம். எழுதினது நிற்கிறது, சொன்னது காற்றோடு போகிறது.

சரி, வீட்டில் ஒரு ஆல்பம் இருந்தால்?

உங்கள் தாத்தா, மாமா, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், யாரோ ஒருத்தர் பீரோவில் இது இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, எதையும் வெட்டாதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள், வரிசையைக் கலைக்காதீர்கள். இரண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போனில் போட்டோ எடுங்கள். உறை என்றால் முன்னும் பின்னும். பின்பக்கத்தில்தான் கடிதம் போய்ச்சேர்ந்த ஊரின் முத்திரை இருக்கலாம். மூன்று, பரண் மேல் போடாதீர்கள். ஈரமும் வெள்ளிப்பூச்சியும் காகிதத்துக்கு எமன். மலிவான பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், நாளாக ஆகத் தபால் தலையோடு ஒட்டிக்கொள்ளும். நான்கு, விற்பதாக இருந்தாலும் முதலில் ஒரு கிளப் ஆளிடம் காட்டுங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம். அவர் உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய் உட்காருங்கள். போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்கள். 'இதுல எது விலை அதிகம்?' என்று கேட்காதீர்கள். 'இதை ஏன் இதுக்குப் பக்கத்துல வச்சீங்க?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பேசுவார்கள்.

நான் இப்போது மாதம் ஒரு ஞாயிறு அதைத்தான் செய்கிறேன். இதுவரை கிளப்பில் ஏழு பேரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை. அவர்கள் அஞ்சலிக் கூட்டத்தில் ஒரு நிமிட மௌனம் முடிந்ததும், அவர்கள் குரலிலேயே ஐந்து நிமிடம் போட்டோம். ஒரு பாட்டி கடைசி வரை தலை குனிந்தே கேட்டார். பிறகு, "அவரு ஆல்பத்தை நான் விக்கலீங்க. நீங்க வந்து படம் புடிச்சுக்கோங்க" என்றார்.

அந்தத் தாராபுரம் பெரியவர், மிச்சம் இருந்த பெட்டியை என்னோடு உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்தார். பெரியார் மாவட்டத்தில் தொடங்கி ஈரோடு வழியாகத் திருப்பூர் வரை வருகிறது. முதலில் இருக்கவேண்டிய கோயமுத்தூர் மாவட்டப் பக்கம் காலி. அதை நிரப்ப வேறு யாருடைய உறையையோ வாங்கி வைக்கலாம்தான். நான் வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில், இங்கே என்ன இருந்தது, அதை யார் வெட்டினது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அப்புச்சி பெயருக்கு வந்த தபால் ஏழு மாதத்தில் நின்றது. கணக்கில் காசு தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் ஹெட் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் 200 ரூபாய் கட்டி என் பெயரில் ஒன்று ஆரம்பித்தேன். முகவரி மட்டும் அம்முச்சி வீடு. இப்போதெல்லாம் கவர் வந்தால் அவரே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணுகிறார்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம் மக்களே. அதுக்கு முன்னாடி ஒருத்தருக்குப் போன் போட்டுருங்க.