குளிரில் ஒரு கதவைத் தட்டுவோம்

நவம்பர் பிறந்துவிட்டால் தலைநகர் டெல்லியின் வங்கிக் கிளைகளில் கம்பளிச் சால்வைகளும் குரங்குக் குல்லாய்களும் தென்படத் தொடங்கும். உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க ஓய்வூதியதாரர்கள் வரும் மாதம் அது. "நான் உயிருடன் இருக்கிறேன்" என்று ஆண்டுக்கு ஒருமுறை வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் ஓய்வூதியம் தடையின்றி வரும். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்தச் சான்று அன்றாடம் தேவைப்படுகிறது. அதைக் கேட்டுப் பெற எந்த அலுவலகமும் இல்லை. அண்டை வீட்டாரே இருக்கிறார்கள்.

குளிர் முதுமையை என்ன செய்கிறது?

சமவெளிப் பகுதியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கு இறங்கி, அது இயல்பைவிட 4.5 டிகிரியேனும் குறைவாக இருந்தால், இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனைக் குளிர் அலை எனக் குறிப்பிடுகிறது. 4 டிகிரியைத் தொட்டுவிட்டால் இயல்பளவைப் பார்ப்பதே இல்லை. டெல்லிக்கு இவை புதிய எண்கள் அல்ல.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயர்கிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்குமான வாய்ப்பு கூடுகிறது. வயது ஏற ஏற உடல் நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் திறனும் குறைகிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே சென்றால் அது மருத்துவ அவசரநிலை. அப்போது தெளிவற்ற பேச்சும் தடுமாற்றமும் அயர்வும் தோன்றும். பாதிக்கப்பட்டவரால் தம் நிலையைத் தாமே உணர முடியாமல் போவதுதான் இதன் கொடுமை. அருகில் இருக்கும் மற்றொருவரே அதைக் கண்டறிய வேண்டும்.

அந்த மற்றொருவர்தான் குளிர்காலத்தில் அரிதாகிவிடுகிறார். மூடுபனியால் காலை நடை நின்றுபோகிறது. மருந்துக் கடைக்குச் செல்வது நாளைக்கு என்று தள்ளிப்போகிறது. டெல்லியின் பல வீடுகள் கோடை வெயிலைத் தடுக்கும் எண்ணத்துடன் கட்டப்பட்டவை; வெயில் படாத தரைத்தளங்களில் வெளியைவிட உள்ளேதான் குளிர் அதிகம். சன்னல்கள் சாத்தப்பட்டிருப்பதால் உள்ளே ஒருவர் விழுந்தாலும் ஓசை வெளியே கேட்பதில்லை. மூடிய அறையில் 'அங்கீட்டி' என்னும் கரியடுப்பை மூட்டி உறங்குவோர், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயுவால் உயிரிழந்த செய்திகள் குளிர்காலந்தோறும் வருகின்றன.

மைய அரசுப் பணிக்காக வந்து கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெற்றோர் மட்டும் இங்கே தங்கிவிட்ட இல்லங்கள் பல.

வெயில் இருக்கும் இடத்தில் கூடுவோம்

டெல்லிக் குடியிருப்புகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பகல் வெயில் விழும் பூங்காவில் நாற்காலிகளைப் போட்டு அமர்ந்து, வேர்க்கடலையும் எள்ளு கஜக்கும் பகிர்ந்துகொண்டு பேசியிருப்பார்கள். இதில் உடற்சூடு மட்டுமின்றி வருகைப் பதிவும் அடங்கியிருக்கிறது. இன்று வராதவர் ஏன் வரவில்லை என்று யாரேனும் ஒருவர் கேட்பார். குடியிருப்போர் நலச் சங்கங்கள் அந்தக் கேள்வியை ஓர் ஏற்பாடாகவே ஆக்கலாம். தனித்து வாழும் முதியோர் பட்டியல் ஒன்று, ஒவ்வொருவருக்கும் பொறுப்பேற்கும் இரண்டு அண்டை வீடுகள், நாள்தோறும் ஒரு தொலைபேசி அழைப்பு ஆகியவை போதும். வாசலில் எடுக்கப்படாத பால் பாக்கெட்டும், மாலையில் ஏற்றப்படாத விளக்கும் உடனே கதவைத் தட்டச் சொல்லும் அடையாளங்கள்.

அரசின் துணையும் இருக்கிறது. தனித்து வாழும் மூத்த குடிமக்களை டெல்லி காவல்துறை பதிவு செய்து, அப்பகுதிக் காவலர் வழியே நலம் விசாரிக்கிறது. நாடு முழுவதற்குமான முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை. கதவே இல்லாமல் நடைபாதையில் உறங்குவோருக்கு, டெல்லி நகர்ப்புறத் தங்குமிட மேம்பாட்டு வாரியத்தின் 'ரைன் பசேரா' எனப்படும் இரவுத் தங்குமிடங்கள் உள்ளன. போர்வை கொடுப்பதோடு நிற்காமல், தங்குமிடம் எங்கே என்று சொல்லி உடன் நடந்து செல்வது அதனினும் பெரிய உதவி.

வங்கியின் பங்கு

வங்கிகளும் வழிகளை எளிதாக்கியுள்ளன. ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு உயிர்வாழ் சான்றிதழ் 2014 நவம்பரில் அறிமுகமானது. 2021 முதல் கைப்பேசிக் கேமரா முன் முகத்தைக் காட்டியே சான்றளிக்க முடிகிறது. 80 வயது நிறைந்த மைய அரசு ஓய்வூதியதாரர்கள் குளிர் தொடங்குமுன், அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். 70 வயதைக் கடந்தோருக்குப் பணம் வழங்குதல், சான்றிதழ் பெறுதல் போன்றவற்றை வீட்டிலேயே செய்துதர முயலுமாறு ரிசர்வ் வங்கி 2017-இல் அறிவுறுத்தியது.

இந்த வசதிகள் ஒரு குளிர்ப் பயணத்தை மிச்சப்படுத்துகின்றன. ஆயினும் கிளை இருக்கையில் அருகருகே அமர்ந்து பழைய அலுவலகக் கதை பேசும் ஆண்டுச் சந்திப்பும் அதனுடன் மறைகிறது. எனவே வீடு தேடிச் செல்லும் எங்கள் பணியாளர், முகத்தைப் படமெடுத்தவுடன் திரும்பிவிடாமல், ஐந்து நிமிடம் அமர்ந்து நலம் கேட்டுவர வேண்டும் என்பது என் கருத்து. தொலைவில் இருக்கும் பிள்ளைகளும் பெற்றோரின் சான்றிதழ் பதிவானதா என்று கேட்பதோடு நில்லாமல், பக்கத்து வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

இந்தக் குளிர்காலத்துக்கென ஒரே ஒரு கதவைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாளைக் காலை, தேநீர் நேரத்தில், அதைத் தட்டிப் பாருங்கள்.