ஒரே குட்டையில் எந்த மீனோடு எந்த மீன்?

வயலோரக் குட்டையில் மீன் விடும் விவசாயிகளில் பலர் எத்தனை குஞ்சு விடுவது என்று மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். எதனோடு எதை விடுவது என்று பார்ப்பதில்லை. ஒரே இரைக்குப் போட்டியிடும் மீன்களைச் சேர்த்து விட்டால் இரண்டுமே சிறுத்துப் போகும். ஒன்றை ஒன்று தின்னும் மீன்களை விட்டால் வலை இழுக்கும் நாளில்தான் நஷ்டம் தெரியும். குஞ்சுக்கும் தவிட்டுக்கும் செலவழித்த பணம் திரும்ப வராது.

குட்டைத் தண்ணீரில் மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் என மூன்று மேய்ச்சல் உண்டு. கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். அது மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணிய விலங்கு உயிர்களைத் தின்னும். ரோகு நடுமட்டத்து மீன். பாசியும் அழுகும் தழையும் அதற்கு இரை. மிர்கால் அடியில் படியும் மட்கைத் தின்று வளரும். ஒன்றின் இரையை மற்றொன்று அதிகம் தொடாததால் இம்மூன்றும் ஒரே குட்டையில் சண்டையின்றி வளர்கின்றன. கூட்டு மீன் வளர்ப்புக்கு அடிப்படை இதுதான்.

இவற்றோடு மூன்று வெளிநாட்டுக் கெண்டைகளையும் சேர்ப்பதுண்டு. இங்கேதான் யோசனை வேண்டும். 1959-ம் ஆண்டு ஜப்பானிலிருந்து நம் நாட்டுக்கு வந்தது வெள்ளிக் கெண்டை. இது வேகமாக வளரும். ஆனால் கட்லா மேயும் அதே மேல்மட்டத்தில்தான் இதுவும் மேயும். இதன் செவுளில் உள்ள சல்லடை மிக நுண்ணியது. தண்ணீரில் மிதக்கும் பச்சைப் பாசித் துகளைக்கூட விடாமல் வடித்துவிடும். வடக்கே பக்ரா அணையின் கோவிந்தசாகர் நீர்த்தேக்கத்தில் நடந்ததைப் பார்த்தால் போதும். 1971-ல் மீன் பண்ணையிலிருந்து தப்பி அங்கே நுழைந்த வெள்ளிக் கெண்டை பெருகிப் பெருகி, பின்னாளில் அங்கு பிடிபடும் மீன்களில் முதலிடம் பிடித்தது. கட்லா குறைந்து போயிற்று. மேலும், கரையேறிய வெள்ளிக் கெண்டை சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் விலையும் மட்டம். உள்ளூர்ச் சந்தையில் கட்லாவுக்கு நல்ல விலை கிடைக்குமானால், சிறு விவசாயி வெள்ளிக் கெண்டையைக் குறைத்துக்கொள்வதே நல்லது. அறவே விட்டாலும் குற்றமில்லை.

புல் கெண்டை யாருக்கும் போட்டியில்லை. குட்டையில் மண்டும் வேலம்பாசியையும் நாம் வெட்டிப் போடும் தீவனப் புல்லையும் தின்னும். அரைகுறையாகச் செரித்து அது விடும் கழிவு மற்ற மீன்களுக்கு இரையாகவும் தண்ணீருக்கு எருவாகவும் பயன்படும். தினமும் புல் போட முடியாதவர்கள் இதை அதிகம் விடக்கூடாது. சாதாக் கெண்டை அடிமட்டத்தில் மிர்காலுக்குப் போட்டி. அது சேற்றைக் கிளறும், கரையையும் குடையும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய குட்டையில் முட்டையிடுவதில்லை. சாதாக் கெண்டையோ அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். மண் கரை பலவீனமான குட்டைக்கு இது ஆகாது.

பத்து சென்ட் குட்டைக்கு 200 குஞ்சுகள் போதும். மூன்று இனம் மட்டும் என்றால் கட்லா 80, ரோகு 60, மிர்கால் 60. ஆறு இனமும் வேண்டுமானால் கட்லா 30, வெள்ளிக் கெண்டை 40, ரோகு 50, புல் கெண்டை 20, மிர்கால் 30, சாதாக் கெண்டை 30 என விடலாம்.

சேரவே சேராத மீன்கள் விரால், வாளை, கெளுத்தி வகைகள். இவை குஞ்சுகளை விழுங்கிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் யாரையும் கொன்று தின்பதில்லை என்றாலும், இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கி, குட்டை முழுவதும் பொடிக் குஞ்சாக நிரப்பிவிடும். போடும் தீவனமெல்லாம் அதற்கே போகும். குட்டையை வற்றவிட்டுக் காயப்போடுவதுதான் இவற்றை ஒழிக்கச் சிறந்த வழி. வற்றாத குட்டையாயின், குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்பு, மூன்றேகால் அடித் தண்ணீர் உள்ள பத்து சென்ட்டுக்கு 100 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துத் தெளிக்கலாம். விஷம் முறிந்த பின் அதுவே எருவாகும். வாய்க்கால் தண்ணீர் வரும் வழியில் கண் சிறுத்த வலை கட்ட மறக்கக்கூடாது.

ஆற்றில் பிடித்த குஞ்சை நம்பியிருந்த காலத்தில் பகை மீன் குஞ்சும் கலந்தே வந்தது. 1957-ல் ஒரிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி மூலம் கெண்டைகளை முட்டையிடச் செய்த பிறகுதான் இனம் பிரித்த குஞ்சு பண்ணைகளில் கிடைக்க வழி பிறந்தது. இன்றும் தெருவில் கொண்டுவரும் குஞ்சுகளை "எல்லாம் கெண்டைதான்" என்று விற்பவர்கள் உண்டு. தட்டில் தண்ணீரோடு ஊற்றிப் பார்த்தே வாங்க வேண்டும். தலை பெருத்து வாய் மேல்நோக்கினால் கட்லா. உடல் ஒல்லியாக நீண்டால் மிர்கால். வாயோரம் நான்கு மீசை இருந்தால் சாதாக் கெண்டை.

ஐப்பசி மழையில் நிரம்பிப் பங்குனியில் வற்றும் குட்டைகளில் ரோகுவும் மிர்காலும் விற்கும் எடைக்கு வருவது கடினம். அத்தகைய இடங்களில் இவ்விரண்டையும் குறைத்து, கட்லாவையும் புல் கெண்டையையும் கூட்டி, நான்கு அங்குலத்துக்குக் குறையாத குஞ்சுகளாக விட வேண்டும்.