ரைஃபிள் பெட்டியும் ஃபோம் கணக்கும்

டெக்ஸஸில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு எல்க் வேட்டை என்றால் உயிர். எல்க் என்பது நம்ம ஊர்க் கடமானைவிடப் பெரிய மான். கொலராடோ மலைகளில் நிறைய உண்டு. ஆனால் நினைத்த வருஷம் நினைத்த காட்டுக்குப் போய்ச் சுட்டுவிட முடியாது. நல்ல பகுதிகளுக்கு லைசென்ஸ் குலுக்கலில்தான் கிடைக்கும். கிடைக்காத வருஷத்துக்கு ஒரு புள்ளி தருவார்கள், புள்ளி சேரச் சேர வாய்ப்பு கூடும். நண்பர் நாலு வருஷம் காத்திருந்து வாங்கினார்.

டல்லாஸிலிருந்து டென்வருக்கு விமானம், அங்கிருந்து ஆறு மணி நேரம் கார். மூன்றாம் நாள் காலையில் கிட்டத்தட்ட 300 மீட்டர் தூரத்தில் ஒரு எல்க் நின்றது. சுட்டார். குண்டு நெஞ்சில் படாமல் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டது. மான் ஓடிவிட்டது. இரண்டு நாள் ரத்தத் தடம் பார்த்து நடந்திருக்கிறார், கிடைக்கவில்லை. திரும்பி வந்து காகித இலக்கில் சுட்டுப் பார்த்தபோது 100 மீட்டரில் குண்டு 8 செ.மீ. இடப்பக்கம் போனது. ஊரிலிருந்து கிளம்பும் முன் நடுப்புள்ளியில் பட்டுக்கொண்டிருந்த அதே துப்பாக்கி. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததை அப்புறம்தான் கவனித்தாராம்.

"அது எங்கேயோ வலியில் கிடந்து செத்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. என் டெலஸ்கோப் ஐபீஸ்களுக்கு நானே ஃபோம் வெட்டியிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

ஒரு சின்ன டிஸ்கி: நான் வேட்டைக்காரன் இல்லை. உயிருள்ள எதையும் சுட்டதில்லை, சுடுகிற எண்ணமும் இல்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை கிட்டத்தட்ட முடிந்துபோன சமாச்சாரம், ஆகவே படிப்பவர்களில் பெரும்பாலோருக்கும் இது அந்நியமான விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு கேமராவுக்கும் டெலஸ்கோப்புக்கும் ட்ரோனுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் 8 செ.மீ. எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருப்பவை இரண்டு வளையங்கள். இடையில் சுமார் 12 செ.மீ. தூரம். ஒரு வளையம் பக்கவாட்டில் 0.1 மி.மீ. நகர்ந்தால், அதாவது ஒரு காகிதத் தடிமன் அளவு, கோணம் 0.1/120. அதை 100 மீட்டரால் பெருக்கினால் 8.3 செ.மீ., 300 மீட்டரில் 25 செ.மீ. எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி 35–40 செ.மீ. அகலம் என்று வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்கிறார்கள். நடுவிலிருந்து 20 செ.மீ. தாண்டினாலே வெளியே. ஒரு காகிதத் தடிமன் ஒரு மிருகத்தின் சாவை இரண்டு நாள் இழுத்துவிடும்.

ஆகவே பெட்டிக்குள் பாதுகாக்க வேண்டியது துப்பாக்கியை அல்ல. இரும்புக் குழலுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்கோப்பையும் அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும்தான் பாதுகாக்கணும்.

நண்பரின் பெட்டியைத் திறந்தபோது பார்க்க அழகாக இருந்தது. கெட்டியான கறுப்பு பாலிஎத்திலீன் ஃபோம், துப்பாக்கியின் உருவத்துக்கு அச்சு வார்த்ததுபோல வெட்டியிருந்தது. குழல் நுனி முதல் ஸ்கோப்பின் திருகுக் குமிழ்வரை ஒரு மி.மீ. இடைவெளி இல்லை. காசு கொடுத்து வெட்டி வாங்கியது. என் சந்தேகமெல்லாம் அந்த இறுக்கத்தின் மேல்தான். ஃபோமின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும் என்று நினைத்து வெட்டியிருக்கிறார்கள். அதன் முக்கிய வேலை நசுங்குவது.

கணக்கு எளிது. பெட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மேஜை உயரம். உள்ளே இருக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ, அதைக் கொண்டு உயரத்தை வகுத்தால் சராசரி அதிர்ச்சி 'ஜி' கணக்கில் கிடைக்கும். ஃபோம் 1.25 செ.மீ. நசுங்கினால் 75/1.25, அதாவது 60 ஜி. நசுங்காமல் 2 மி.மீ. மட்டும் வளைந்து கொடுத்தால் 375 ஜி. உச்ச அதிர்ச்சி சராசரியைவிட இன்னும் அதிகமாகவே இருக்கும். ஸ்கோப்பின் எடை 650 கிராம் என்றால் 60 ஜியில் வளையங்கள் தாங்க வேண்டியது 39 கிலோ. சமாளிக்கலாம். ஆனால் ஸ்கோப்பையும் ஃபோம் இறுக்கிப் பிடித்திருந்து, துப்பாக்கியின் மொத்த 4 கிலோவில் பாதி ஸ்கோப் வழியாக ஃபோமில் இறங்கினால்? 120 கிலோ, அதுவும் பக்கவாட்டில். காகிதத் தடிமன் நகர அது தாராளம்.

அப்படியானால் மெத்தென்ற ஃபோம் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதுவும் சரிப்படாது. ரொம்ப மென்மையானது முழுக்க நசுங்கி அடி தட்டிவிடும், அதற்குப் பிறகு வெறும் பிளாஸ்டிக் மேல் விழுவதுதான். ரொம்ப கெட்டியானது நசுங்கவே நசுங்காது. ஒரு சதுர செ.மீ.க்கு எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதை வைத்துத்தான் ஃபோம் தேர்ந்தெடுக்க வேண்டும். பேக்கேஜிங் பொறியாளர்கள் இதற்கென்றே ஒவ்வொரு ஃபோமுக்கும் ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் எடை அழுத்தம், மறுபக்கம் அதிர்ச்சி. கோடு 'ப' போல இறங்கி ஏறும், அடி மட்டும் கொஞ்சம் வளைவாக இருக்கும். நமக்கு வேண்டியது அந்த அடிப்பகுதி. பொதுவாக, திறந்த கண்ணறைகள் உள்ள பாலியூரித்தேன் (சோபாவில் இருக்கிற வகை) குறைந்த அழுத்தத்தில் நன்றாக வேலை செய்யும். மூடிய கண்ணறைகள் உள்ள பாலிஎத்திலீன் அதிக அழுத்தத்துக்கு.

இப்போது துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். படுக்கை வாட்டில் விழுந்தால் 4 கிலோ எடை ஏறக்குறைய 500 சதுர செ.மீ. மேல் பரவுகிறது, ஒரு சதுர செ.மீ.க்கு 8 கிராம். பெட்டி நெட்டுக்குத்தாக, அடிக்கட்டை கீழே இருக்க விழுந்தால் தாங்கும் பரப்பு 12 × 4 செ.மீ. மட்டுமே, ஆக 83 கிராம். தலைகீழாகக் குழல் நுனியில் விழுந்தால்? நுனியின் பரப்பு 2 சதுர செ.மீ., ஆக 2000 கிராம். ஒரே பொருள், ஒரே பெட்டி, விழும் பக்கத்தைப் பொறுத்து 250 மடங்கு வித்தியாசம். எந்த ஒற்றை ஃபோமும் இந்த மூன்றுக்கும் சரிவராது. குழல் நுனிக்கு எந்த ஃபோமும் சரிவராது, ஆணி மாதிரி குத்திக்கொண்டு போய்விடும்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் புதிதாக வெட்டினோம். அடியில் 2.5 செ.மீ. பாலியூரித்தேன். அதன் மேல் 5 செ.மீ. பாலிஎத்திலீன், துப்பாக்கியின் உருவம் வெட்டியது இதில்தான். மூடியில் முட்டைத்தட்டு மாதிரி மேடு பள்ளம் உள்ள மென்மையான ஃபோம். படுக்கை வாட்டில் விழுந்தால் மென்மையானது வாங்கிக்கொள்ளும், நெட்டுக்குத்தாக விழுந்தால் கெட்டியானது. துப்பாக்கியின் ஓரத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே குறைந்தது 4 செ.மீ. விட்டோம். குழல் நுனிக்கு முன்னால் 5 செ.மீ. வெற்றிடம். முன்பக்கமாக விழும்போது நுனி தாங்கக்கூடாது, கட்டையின் முன்முனையும் பிடியும் தாங்க வேண்டும். அந்த இரண்டு இடத்தில் மட்டும் ஃபோம் இறுக்கம். ஸ்கோப்பைச் சுற்றி ஒரு செ.மீ. காலி, குமிழ்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம்.

வெட்டுவதைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம். போல்ட்டைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைப் பழுப்புக் காகிதத்தில் வைத்து பென்சிலால் சுற்றி வரைய வேண்டும். பென்சிலுக்கு 7 மி.மீ. விட்டம் என்பதால் கோடு 3.5 மி.மீ. வெளியே தள்ளித்தான் விழும். நம்ம ஆட்களுக்குப் பழக்கமான ஆஃப்-பை-ஒன் தவறு! இறுக்கம் வேண்டிய இடத்தில் கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளே வெட்டணும், காலி வேண்டிய இடத்தில் வெளியே. நான் பயன்படுத்தியது 18 மி.மீ. பிளேடு கத்தி, பிளேடை முழுக்க நீட்டி, நீளமான இழுப்பாக. ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் அறுத்தால் ஓரம் பிய்ந்துபோகும். இங்கே பலர் வான்கோழி அறுக்கிற மின்சாரக் கத்தியை வைத்து வெட்டுகிறார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்யும். சூட்டுக்கம்பியைப் பாலியூரித்தேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கருகினால் வரும் புகை விஷம். கடையில் குட்டிக் குட்டிச் சதுரமாகக் கீறி, கையால் பிய்த்தெடுக்கிற ஃபோமும் கிடைக்கிறது. கேமராவுக்குப் போதும். நீளமான, எடையுள்ள பொருளுக்கு அதன் சுவர்கள் நாலு பயணத்தில் உதிர்ந்துவிடும்.

வெட்டியதைச் சோதிக்க வேண்டுமே. செல்போனை உள்ளே வைத்து அதன் முடுக்கமானியால் அளக்கலாம் என்று நினைத்தேன். அறிவாளித்தனம். என் போனின் அளவீடு 16 ஜியோடு முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கடைசியில் ஒரு மரச்சட்டத்தையும் பி.வி.சி. குழாயையும் சேர்த்துக் கட்டி, 4 கிலோ வருகிற மாதிரி ஈயக் கட்டி வைத்து, ஒரு போலித் துப்பாக்கி செய்தேன். அதன் நுனியிலும் 'ஸ்கோப்'பிலும் சாக்பொடி பூசி, பெட்டியில் வைத்துப் பூட்டி, ஆறு பக்கமும் மேஜையிலிருந்து கார் ஷெட் தரையில் போட்டோம். சாக்பொடி எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே இடித்திருக்கிறது என்று அர்த்தம். பழைய ஃபோமில் ஸ்கோப் பள்ளம் முழுக்க வெள்ளை, நுனிப் பக்கம் ஒரு குழி வேறு. புதியதில் நுனி எங்கும் படவில்லை. ஸ்கோப் மட்டும் ஒரு பக்கத்தில் லேசாக உரசியிருந்தது. அந்த இடத்தில் இன்னும் அரை செ.மீ. சீவிவிட்டேன். போன தடவை ஸ்கோப் நகர்ந்தது இதனால்தான் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது, வளையத் திருகே லூஸாக இருந்திருக்கலாம். அதையும் டார்க் ரெஞ்சால் அளந்து முடுக்கச் சொன்னேன்.

விமான நிலைய விதிகளுக்கும் ஃபோமுக்கும்கூடச் சம்பந்தம் உண்டு. அமெரிக்காவில் டி.எஸ்.ஏ. விதிப்படி துப்பாக்கி குண்டில்லாமல், பூட்டிய கடினப் பெட்டியில், செக்-இன் சாமானாக மட்டுமே போகலாம். ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் சொல்லியாக வேண்டும். பெட்டியை லேசாக நெம்பி உள்ளே கைவிட முடிந்தால் ஏற்க மாட்டார்கள். ஃபோமை அளவுக்கு மீறித் திணித்தால் மூடி உப்பி, மூலையில் விரல் நுழைகிற இடைவெளி விழும். நண்பரின் பழைய ஃபோமில் அப்படித்தான் இருந்தது, அவர் அதிர்ஷ்டம் யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. போல்ட்டைக் கைப்பையில் எடுத்துப்போகவும் அனுமதி கிடையாது, ஆகவே அதற்கு ஸ்கோப்பிலிருந்து தள்ளி ஒரு தனிப் பள்ளம். பெட்டியைத் திறக்கச் சொன்னால் துப்பாக்கி காலி என்று பார்த்த உடனே தெரியும். தோட்டாக்களை, ஆளுக்கு மொத்தம் 5 கிலோவுக்குள், அவற்றின் அட்டைப்பெட்டியிலேயே வேறு சூட்கேஸில் வைக்கச் சொன்னேன். அடுக்கு கலைந்து பறந்து ஸ்கோப்பில் இடிக்க இன்னொரு பொருள் எதற்கு?

தண்ணீர் புகாத பெட்டி என்றால் காற்றழுத்த வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். டென்வர் 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூடிய பெட்டியை டல்லாஸில் இறக்கினால் வெளிக்காற்று ஒரு சதுர செ.மீ.க்கு 160 கிராம் அதிகமாக அழுத்தும். மூடியின் பரப்பு 128 × 34 செ.மீ., ஆக மொத்தம் 700 கிலோ. கையால் திறக்க முடியாது. வால்வின் திருகைத் தளர்த்தினால் 'உஸ்' என்று காற்று புகுந்து திறந்துகொள்ளும்.

போன அக்டோபரில் நண்பர் மறுபடி போனார். இந்தத் தடவை எளிதாக லைசென்ஸ் கிடைக்கும் வேறு பகுதிக்கு. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் காகிதத்தில் மூன்று குண்டு சுட்டுப் பார்த்துப் படம் அனுப்பினார். மூன்றும் நடுப்புள்ளியைச் சுற்றி 3 செ.மீ.க்குள். எல்க் எதுவும் கண்ணில் படவில்லையாம், ஒரு வாரம் பனியில் நடந்துவிட்டு வந்தார்.

வந்தவர் களைப்பில் ஈரத் துப்பாக்கியை அப்படியே பெட்டியில் பூட்டிப் பரணில் போட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் குழலின் அடிப்பக்கம் நெடுக ஆரஞ்சு நிறப் புள்ளிகள், சரியாகப் பாலியூரித்தேன் தொட்டுக்கொண்டிருந்த கோட்டில். திறந்த கண்ணறை ஃபோம் தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை நான் அவரிடம் சொல்ல மறந்திருந்தேன். எண்ணெயும் மெல்லிய எஃகு நாரும் வைத்துத் தேய்த்ததில் துரு போய்விட்டது. அடி ஃபோமைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வெட்டிப் போட்டிருக்கிறேன். துப்பாக்கி இப்போது அலமாரியில் இருக்கிறது. பெட்டி மூடி திறந்தபடி அவர் கார் ஷெட்டில் காய்கிறது.