தட்டம்மை: தொண்ணூறு விழுக்காடு ஏன் போதாது?

"எல்லாக் குழந்தைகளுக்கும்தான் ஊசி போடுகிறார்களே, பிறகு தட்டம்மை எப்படி வருகிறது?" என்று பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இந்தியாவில் தட்டம்மைத் தடுப்பூசி 1985ஆம் ஆண்டு முதல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இருந்துவருகிறது. 2010ஆம் ஆண்டு முதல் இரண்டாம் தவணையும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. ஆயினும் 2022ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவி, குழந்தைகள் உயிரிழந்தனர். அதே காலத்தில் ராஞ்சி, அகமதாபாத், மலப்புரம் ஆகிய இடங்களுக்கும் மத்திய அரசு தன் மருத்துவக் குழுக்களை அனுப்ப நேர்ந்தது. ஊசி இருந்தும் நோய் ஏன் திரும்புகிறது என்பதற்கான விடை, பெரும்பாலும் ஓர் எளிய கணக்கில் அடங்கியிருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். தட்டம்மையை மணல்வாரி என்றும் நம் ஊர்களில் சொல்வார்கள். நீர்க்கொப்புளங்கள் தோன்றும் சின்னம்மை வேறு, இது வேறு. தட்டம்மையில் கடுமையான காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண்சிவப்பு ஆகியவை முதலில் வரும். மூன்று நான்கு நாள் கழித்தே செந்நிறத் தடிப்புகள் காதின் பின்புறமும் நெற்றியோரமும் தொடங்கி, முகம், மார்பு, கைகால் என இறங்கும். சிக்கல் என்னவென்றால், தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே குழந்தை பிறருக்கு நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. அந்த நாட்களில் பெற்றோரும் அதைச் சளிக்காய்ச்சல் என்றே நினைப்பர். மருத்துவருக்கும் ஐயம் எழுவது அரிது. நோயுற்ற குழந்தை ஓர் அறையை விட்டுச் சென்ற பின்னரும், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வரை அங்குள்ள காற்றில் கிருமி உயிர்ப்புடன் இருக்கக்கூடும்.

எவருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத ஓர் ஊரில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைத் தருவார் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மனிதரைத் தாக்கும் தொற்றுகளில் இவ்வளவு வேகம் உடையவை மிகச் சில. இந்த 18 பேரில் 17 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், நோய் ஒருவருக்கு மட்டுமே தாவும். அதைவிடக் குறைந்தால்தான் சங்கிலி அறும். 18இல் 17 என்பது ஏறத்தாழ 94 விழுக்காடு. தடுப்பூசித் திட்டங்கள் 95 விழுக்காட்டை இலக்காக வைத்திருப்பது இதனால்தான். பள்ளித் தேர்வில் 90 மதிப்பெண் பெருமைக்குரியது. தட்டம்மையிடம் அது தோல்வி மதிப்பெண்.

ஆண்டுக்கு 100 குழந்தைகள் பிறக்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 90 பேருக்கு ஒன்பதாம் மாத ஊசி போடப்படுகிறது. தாயிடமிருந்து கருவிலேயே பெற்ற எதிர்ப்புப் பொருள்கள் சில குழந்தைகளின் உடலில் அந்த வயதிலும் எஞ்சியிருந்து, ஊசி மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே ஒன்பதாம் மாத ஊசி 100இல் 85 பேருக்கே காப்பு தருகிறது. 90 பேரில் ஏறத்தாழ 77 பேர் காப்புப் பெற, மீதம் 23 பேர் காப்பின்றி நிற்கிறார்கள். அடுத்த ஆண்டு இன்னும் 23 பேர். நான்கு ஆண்டுகளில் 92 பேர், அதாவது ஏறத்தாழ ஓராண்டில் பிறந்த குழந்தைகள் அனைவரும் ஊசியே பெறாததற்குச் சமம். ஊரில் நான்கைந்து ஆண்டுகள் நோய் தலைகாட்டாமல் இருந்து, திடீரென ஒரே மாதத்தில் பலருக்கு வருவதன் காரணம் இதுவே. அமைதியான அந்த ஆண்டுகளில் விறகு சேர்ந்துகொண்டிருந்தது.

"அப்படியானால் ஊசியை ஒரு வயதுக்குப் பிறகே போடலாமே?" என்று கேட்கலாம். போட்டால் காப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் நோய் நடமாடும் நாட்டில், தட்டம்மையால் மிகுதியாக அவதியுறுவது ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளே. காத்திருக்கவும் இயலாது, மிக முன்னதாகப் போட்டால் பயனும் குறையும் என்ற இரண்டுக்கும் நடுவே கண்ட வயதுதான் ஒன்பது மாதம்.

இங்கேதான் இரண்டாம் தவணையின் இடம் வருகிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் போடப்படும் அதை மக்கள் 'ஒன்றரை வயது ஊசி' என்பர். ஏற்கெனவே உள்ள ஆற்றலைக் கூட்டும் ஊசி என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், முதல் ஊசி பலிக்காமற்போன குழந்தைக்கு அது இரண்டாம் வாய்ப்பு. எந்தக் குழந்தைக்குப் பலிக்கவில்லை என்பது வெளியே தெரியாது. எனவே எல்லாருக்கும் போடுகிறோம். இரண்டும் பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 97 பேர் காப்புப் பெறுகின்றனர். மேலே சொன்ன ஊரில் அந்த 90 பேரும் இரண்டாம் ஊசியைப் பெற்றிருந்தால், 23 என்பது 12 அல்லது 13 ஆகியிருக்கும்.

ஆனால் தவறவிடப்படுவதும் இந்த ஊசிதான். தாய் மீண்டும் வேலைக்குச் சென்றிருப்பார். குழந்தை பாட்டி வீட்டில் இருக்கும். கிராம சுகாதாரச் செவிலியர் அட்டையைப் பார்க்கும் புதன்கிழமையில் குடும்பம் வெளியூரில் இருக்கும். எங்கள் பார்வையில் இன்னொரு காரணமும் உண்டு. அதே நாளில் போடப்படும் முத்தடுப்பு ஊசியால் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் கால்வலியும் வரும். அதை அண்டை வீட்டில் கண்ட தாய், "சற்று வளரட்டும்" என்று தள்ளிப்போடுகிறார். அந்தக் காய்ச்சல் ஓரிரு நாளில் தணியும். தட்டம்மை ஊசியால் காய்ச்சல் வருவதானால், பெரும்பாலும் ஒரு வாரம் கழித்தே வரும்; சிலருக்கு லேசான தடிப்பும் தோன்றி மறையும். இரண்டும் அஞ்சத்தக்கவை அல்ல.

மாநில, தேசியச் சராசரிகளை மட்டும் பார்த்து நிறைவடைவதும் சரியன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்ற 12 முதல் 23 மாதக் குழந்தைகளின் பங்கு நாட்டளவில் 2015-16இல் 62 விழுக்காடாகவும், 2019-21இல் 76 விழுக்காடாகவும் இருந்தது. தமிழ்நாட்டில் இது 89. முன்னேற்றம்தான். எனினும், ஊசி பெறாத குழந்தைகள் நாடெங்கும் சீராகத் தூவப்பட்டிருப்பதில்லை. ஒரே தெருவில், ஒரே குடியிருப்பில், ஒருவரையொருவர் தொட்டு விளையாடும் தொலைவில் இருப்பார்கள். கோவண்டி அத்தகைய இடம்: நெருக்கமான குடிசைகள், ஊட்டக்குறைவு, பிழைப்புக்காக வந்துபோகும் குடும்பங்கள், இவற்றுடன் கொரோனாக் காலத்தில் விடுபட்ட தவணைகள். நம் மாநிலத்திலும் செங்கல் சூளைகளிலும் கட்டடப் பணியிடங்களிலும் பிற மாநிலக் குழந்தைகள் வாழ்கிறார்கள். அவர்களுடைய அட்டை பீகாரிலோ ஒடிசாவிலோ இருக்கும், அல்லது எங்கும் இராது. உங்கள் வீடு கட்டுமிடத்தில் அத்தகைய குழந்தையைக் கண்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அங்கன்வாடிக்கோ ஒரு சொல் சொல்லுங்கள். அங்கே ஊசி இலவசம்.

வதந்தியும் தன் பங்கைச் செய்கிறது. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ளோருக்கான தட்டம்மை-ரூபெல்லா முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய அச்சுறுத்தும் செய்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். முகாமின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்தச் செய்திகளை அனுப்பியவர் யாரென இன்றுவரை நாங்கள் அறியோம். கேள்வி இருந்தால் மருத்துவரிடம் நேரில் கேளுங்கள், கேட்பதில் குற்றமில்லை.

நோய் என்ன செய்யும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகின்றனர். சிலருக்கு நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, காதில் சீழ் ஆகியவை வரும். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு மூளையழற்சி வரும். மிக அரிதாக, நோய் தீர்ந்து பல ஆண்டுகள் கழித்துக் கிருமி மூளையைச் சிதைத்து உயிரைப் பறிப்பதும் உண்டு. இவற்றோடு, உடல் முன்னர் பிற நோய்களுக்கு எதிராகச் சேர்த்துவைத்த எதிர்ப்பு நினைவையும் தட்டம்மை அழித்துவிடுகிறது. அதனால்தான் அம்மை இறங்கிய பின்னும் பல மாதங்கள் குழந்தை அடிக்கடி நோயுறுகிறது. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்குக் கண்பார்வையே போகலாம். ஆகவே தட்டம்மை கண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வைட்டமின் ஏ தரப்படுகிறது.

அம்மை என்றால் மாரியம்மன் வந்திருப்பதாகக் கருதி, வாசலில் வேப்பிலை செருகிக் குழந்தையை வீட்டோடு வைத்திருப்பது நம் வழக்கம். வேப்பிலை கண்டால் வெளியார் உள்ளே வருவதில்லை. தொற்றுநோய் மருத்துவம் கேட்பதும் அதைத்தான். தடிப்பு தோன்றிய பின் நான்கு நாள் வரை குழந்தை தனித்திருக்க வேண்டும். வேப்பிலையோடு எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் பத்தியம் என்ற பெயரில் உணவையும் பாலையும் நிறுத்துவதும், கண்ணில் பச்சிலைச் சாறு விடுவதும், மூன்று தண்ணீர் ஊற்றும் வரை மருத்துவமனைப் படியேறக்கூடாது என்பதும் ஆபத்தானவை. மூச்சு வேகமாக வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டாலும் அன்றே அழைத்து வாருங்கள்.

வரும்போது ஒன்று செய்ய வேண்டும். காய்ச்சலோடு தடிப்பு இருக்கிறது என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லுங்கள்; இயலாவிடில் வாயிலிலேயே ஊழியரிடம் சொல்லுங்கள். புறநோயாளிக் கூடத்தில் வரிசையில் அமர வேண்டா. அங்கே இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேறும் குழந்தையும், உறுப்பு மாற்றம் பெற்றவரும் அமர்ந்திருக்கலாம். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து உருவாக்கிய ஊசியாதலால் அவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் போட இயலாது. சுற்றியிருப்போர் போட்டுக்கொண்ட ஊசியே அவர்களுக்குக் காப்பு. அத்தகையோர் தட்டம்மை நோயாளியின் அருகில் இருக்க நேர்ந்தால், காய்ச்சல் வரும்வரை காத்திராமல் உடனே எங்களிடம் தெரிவிக்க வேண்டும். ஆறு நாட்களுக்குள் எதிர்ப்புப் புரதம் ஏற்றிக் காக்க வழியுண்டு. ஊசி பெறாத பிற குழந்தைகளுக்கு, நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டாலும் பயன் கிடைக்கும்.

சாதாரணச் சளியோ மெலிந்த உடலோ ஊசிக்குத் தடையல்ல; மெலிந்த குழந்தைக்கே அது மிகுதியாகத் தேவை. தவணை தவறியிருந்தால் ஐந்து வயது வரை அரசுத் திட்டத்தில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஊசிகளுக்கிடையே ஒரு மாத இடைவெளி வேண்டும். அட்டை தொலைந்து, போட்டோமா இல்லையா என்பது நினைவில் இல்லாவிட்டாலும் வாருங்கள். போடவில்லை என்றே கொண்டு மீண்டும் போடுவோம். முன்பே போட்டிருந்த குழந்தைக்கும் கூடுதல் தவணையால் தீங்கில்லை.